இயந்திரத்தைத் துணைக்கோடல்

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்குக் கணினித் தொழிலிலே என்ன வேலை என்று வினவுவார் சிலர் இருப்பர். அவர்க்குரிய விடை எம் கிழக்கிலங்கை மண்ணிலேயே உண்டு. காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையிலே சித்தியெய்தியவர். நான்கு ஆண்டுகள் கழித்து இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலைப் புரட்டிப் பார்ப்போர், பண்ணும் இசைக்கருவியும் பற்றிய அந்நூலிலே கணக்குகள் நிறைந்திருத்தலைக் காண்பர். பண்டிதனுக்குக் கணக்கு ஆகாது என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. ஆதலின் கூசாமல் எழுதப் புகுகின்றேன்.

பொருள் இதுவே. கணினிக்கு நிரல் எழுதுவோர்க்குத் துணைசெய்வன என்று, செயற்கை நுண்ணறிவால் இயங்கும் கருவிகள் பல சந்தைக்கு வந்துள்ளன. மாதச் சந்தா செலுத்தி அவற்றுள் ஒன்றை அமர்த்திக்கொள்ளுதல் வேண்டும். எதனை அமர்த்துவது என்பது வினா. இதனை இலக்கியம் பேசும் பக்கத்திலே வைத்து ஆராய்தல் தகுமோ எனின், தகும் என்பேன். நிரலும் ஒரு மொழியிலே எழுதப்படுவதே. அதற்கும் எழுத்து உண்டு, சொல் உண்டு, தொடர் உண்டு; விதியும் உண்டு, விலக்கும் உண்டு. மெய்யின் தலையிலே புள்ளி விடுபட்டால் 'கல்' என்பது 'கல' ஆகிப் பொருள் கெடுதல் போல, ஒரு குறி விடுபட்டால் நிரல் முழுவதும் இயங்காது நின்றுவிடும். அங்ஙனம் நின்றுவிடுமாயின் நன்று. நில்லாமல் இயங்கிப் பிழையான விடையைத் தருமாயின், அதுவே பெருங்கேடு.

எம்மூராகிய பனிச்சங்கேணி, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் கரையோர வீதியிலே, வாகரைக்கு அண்மையில், களப்பை ஒட்டிக் கிடப்பது. பெயரைப் பிரித்தால் பனிச்சையும் கேணியும் ஆகும். பனிச்சங்காயின் சாற்றிலே வலையைத் தோய்த்து உரமேற்றுதல் முன்னாளிலே கரையோர மக்களின் வழக்கம். நைலோன் வலை வந்த பின்னர் அவ்வழக்கம் மறைந்தது, மரத்தின் பெயர் மட்டும் ஊரிலே எஞ்சியது. என்னிடம் நன்னூல் படித்த இளைஞர் ஒருவர் இங்கே இருக்கின்றார். தந்தையார் களப்பிலே இறால் பிடிப்பவர். மகன் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பயின்று, வீட்டுத் திண்ணையில் இருந்தவாறே கொழும்பிலும் கடல் கடந்தும் உள்ளோர்க்கு நிரல் எழுதிக் கொடுப்பவர். "ஐயா, மூண்டுக்கும் காசு கட்ட ஏலாது. ஒண்டுக்குத்தான் கட்டலாம். எதுக்குக் கட்டுற?" என்பது அவர் கேட்ட வினா. பணம் கட்டுவது எளிதன்று என்பது அக்குரலிலேயே தெரிந்தது.

2025 ஆம் ஆண்டின் விலைகளை நோக்குவோம். கிட்ஹப் கோபைலட், தனியாளுக்கு மாதம் 10 டொலர். கர்சர், கிளோட் கோட், ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் ஆகியவற்றைச் சாதாரணச் சந்தாவிலே பெறுவதற்கு 20 டொலர். நாள் முழுவதும் வேலை வாங்குவோர்க்கென 100 டொலர், 200 டொலர் என்னும் மேற்படிகளும் உள்ளன. சான் பிரான்சிஸ்கோ நகரத்து நிரலர் ஒருவருக்கு 20 டொலர் ஒரு பகலுணவுச் செலவு. டொலர் ஒன்று 300 ரூபா அளவிலே நின்ற அவ்வாண்டில் எமக்கு அது 6,000 ரூபா. 100 டொலர் 30,000 ரூபா. அதே ஆண்டு ஏப்ரலிலே இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது என்பதை இதன் அருகே வைத்து நோக்குக. இன்னுமொன்று. 2022 மார்ச்சிலே 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் மறந்திலோம். டொலரிலே விலை குறித்த பொருளை ரூபாவிலே சம்பாதிப்பவர் வாங்கும்போது, விற்பவர் விலையை ஒரு சதமும் கூட்டாமலே விலை இரட்டிக்கக் கூடும். ஆண்டுச் சந்தா கட்டினால் கழிவு உண்டு என்று ஆசை காட்டுவர். ஆறு மாதத்தில் ஆளே மாறிவிடும் சந்தையிலே ஓராண்டுக்கு முற்பணம் கட்டுதல் அறியாமை என்பது என் கருத்து.

இக்கருவிகள் எல்லாம் ஓரினத்தன அல்ல. 2021 ஜூனிலே மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்குரிய கிட்ஹப், ஓப்பன்ஏஐயுடன் சேர்ந்து கோபைலட்டைப் பரீட்சார்த்தமாக வெளியிட்டது. மறு ஆண்டு ஜூனில் அது விலைக்கு வந்தது. நாம் ஒரு வரி எழுதினால் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பதே அதன் முதல் வேலை. சேக்கிழார்க்கு முதலடியை இறைவன் எடுத்துக் கொடுத்தான் என்பர்; இங்கோ முதலடி நம்முடையது, எஞ்சிய அடிகள் இயந்திரத்துடையவை. பின்னர்க் கர்சர் முதலியன தோன்றின. இவை நிரல் எழுதும் பலகையையே தமதாக்கிக்கொண்டு, பல கோப்புகளை ஒருங்கே நோக்கித் திருத்துவன. 2025 இலே கிளோட் கோட், கோடெக்ஸ் என்பன பரவின. 'இன்னது செய்' என்று ஏவிவிட்டால் இவை தாமே கோப்புகளைத் திறந்து, எழுதி, இயக்கிப் பார்த்து, பிழை கண்டு, மீண்டும் எழுதும். கோபைலட்டும் கர்சரும் இவ்வேவற் பணியைத் தம்முள்ளும் சேர்த்துக்கொண்டன. கூகுள் நிறுவனம் 2025 பெப்ரவரியிலே ஜெமினி கோட் அசிஸ்டைத் தனியாட்களுக்கு இலவசமாகவே திறந்துவிட்டது. இலவசம் என்றால் எமக்கு ஐயம் எழுதல் இயல்பு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

ஏவினால் செய்யும் ஆள், ஏவாததையும் செய்யக்கூடும். 2025 ஜூலையிலே ரெப்லிட் என்னும் தளத்தின் இயந்திர ஏவலாள், எதனையும் மாற்றாதே என்று கட்டளை இட்டிருந்தபோதும், அமெரிக்கத் தொழில்முனைவர் ஒருவரின் தரவுத்தளத்தை அழித்தது. அழிந்ததை மீட்க இயலாது என்று தவறாகவும் உரைத்தது. பின்பு தரவு மீட்கப்பட்டது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கருக்கு மன்னிப்பாவது கிடைத்தது. திண்ணையில் இருந்து பிறர் தரவைக் கையாளும் எம்மவர் ஒருவருக்கு இது நேருமாயின், அந்த வாடிக்கையாளர் மீண்டும் வாரார்.

நிற்க. இவற்றால் வேலை விரையுமோ? இரண்டு பரிசோதனைகளை எடுத்துக்கொள்வோம். கிட்ஹப் சார்பிலே நிகழ்ந்த ஒன்றில் 95 நிரலர்க்கு ஒரே வேலை கொடுக்கப்பட்டது: ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலே சிறிய இணையச் சேவையகம் ஒன்றைப் புதிதாக எழுதுதல். கருவி இல்லாதோர்க்குச் சராசரி 2 மணி 41 நிமிடம் சென்றது. கருவி உடையோர்க்கு 1 மணி 11 நிமிடம். மற்றையது மெட்டர் என்னும் ஆய்வமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்டது. அதிலே 16 நிரலர், தாம் ஆண்டுக்கணக்காகப் பழகிய பெரிய நிரற்றொகுதிகளிலே 246 பணிகளைச் செய்தனர். கருவியைப் பயன்படுத்திய பணிகளுக்கு 19 சதவீதம் மிகுதியான நேரம் சென்றது! வியப்பு அதுவன்று. வேலை முடிந்த பின்னரும், தாம் 20 சதவீதம் விரைவாகவே செய்ததாக அவர்கள் எண்ணியிருந்தனர்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்ப்பன அல்ல. புதிய நிலத்திலே சிறு குடிசை கட்டுதல் வேறு; பரம்பரை வீட்டின் ஒரு தூணை மாற்றுதல் வேறு. அன்றியும், இரண்டாவது ஆய்விலே பயன்பட்டவை 2025 ஆம் ஆண்டின் முற்பகுதிக் கருவிகள்; அதன் பின் அவை வளர்ந்துள்ளன. ஆயினும், விரைந்தோம் என்னும் உணர்ச்சி சான்றாகாது என்பது அதனால் நிலைபெறுகின்றது. 'எனக்கு இது கைக்கு இசைந்திருக்கின்றது' என்று நண்பர் சொல்வதைக் கேட்டு 6,000 ரூபா கட்டுதல் ஆகாது. கடிகாரத்தைக் கேட்க வேண்டும்.

இனி, இளைஞரும் யானும் பழைய நன்னூலை விரித்த கதைக்கு வருகின்றேன். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்திலே நல்லாசிரியனுக்கு இலக்கணம் கூறியதோடு அமையாது, ஆசிரியனாகத் தகாதவனுக்கும் நான்கு உவமை காட்டினார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. எழுநூறு ஆண்டுக்கு முற்பட்ட அந்நான்கையும் இக்கருவிகளின் மேல் வைத்துப் பார்த்தோம். விளையாட்டாகத் தொடங்கிய வேலை விளையாட்டாக முடியவில்லை.

கழற்சிக்காய் பெய்த குடம், பெய்த முறையில் தராமல் முறைபிறழ ஒருங்கே கொட்டிவிடும். ஒரு வரித் திருத்தம் கேட்டால் நூறு வரியைக் கொட்டும் கருவி அத்தன்மையது. நூறு வரியையும் வாசித்து, அதனுள் கேட்ட ஒரு வரி எங்கே என்று தேடுவதற்குள் தாமே எழுதி முடித்திருக்கலாம். மடற்பனை, கருக்கு மட்டையால் ஏறவிடாமல் தடுத்து, தானாக விழுத்தும் பழத்தை மட்டும் தருவது; ஏன் இவ்விடையைத் தந்தாய் என்று உள்ளே ஏறிப் பார்க்க இயலாத கருவிகள் எல்லாமே மடற்பனைகள்தாம். இதில் ஒன்றுக்கொன்று வேறுபாடு காணோம்.

பருத்திக்குண்டிகை, அடைத்த பஞ்சை எளிதில் விடாத குடுக்கை. இதனைக் காசு கட்டுவோர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மாதம் 20 டொலருக்கு எவ்வளவு வேலை கிடைக்கும் என்பது விளம்பரத்திலே தெளிவாக இராது. கர்சர் நிறுவனம் 2025 ஜூனிலே, மாதம் 500 வேண்டுகோள் என்றிருந்த கணக்கை மாற்றி, செலவாகும் அளவுக்கேற்பக் கழிக்கும் கணக்கைக் கொண்டுவந்தது. பலருக்கு எதிர்பாராத கட்டணம் வந்தது. ஜூலைத் தொடக்கத்திலே நிறுவனம் வருந்தி, அப்பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. கிளோட்டை வழங்கும் ஆந்த்ரோபிக் நிறுவனமும் அதே ஆண்டு ஓகஸ்ட் முதல் வார எல்லைகளை விதித்தது. இவர்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். பெருங்கணினிகளுக்கு மின்சாரமும் பொறியும் வேண்டும், அச்செலவை எவரேனும் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் ஒப்படைக்க வேண்டிய நாளிலே எல்லை தீர்ந்துவிட்டால், இங்கிருப்பவருக்கு மேற்படி வாங்கக் கையிலே காசு இராது. எனவே, மாதத்தின் கடும்வேலை நாட்களிலே எல்லை எங்கே முடிகின்றது என்பதை ஒரு மாதமாவது குறித்து வைத்தல் வேண்டும்.

முடத்தெங்கின் முன் சிறிது நேரம் நிற்போம். அது நம் வேலிக்குள் வேர்விட்டு, நம் கிணற்று நீரைக் குடித்து, அயலான் முற்றத்திலே காயை விழுத்துவது. நாம் கொடுக்கும் நிரலும், கேட்கும் வினாவும், திருத்தும் திருத்தமும் கருவிக்கு உணவாகி, நாளை வேறொருவருக்கு விடையாகி விழக்கூடும். 2025 ஓகஸ்டிலே ஆந்த்ரோபிக் நிறுவனம், தனியாள் சந்தாதாரரின் உரையாடல்களையும் நிரற்பணிகளையும் வருங்கால மாதிரிகளின் பயிற்சிக்குப் பயன்படுத்த இசைவரோ என்று கேட்டு, இசைவோரின் தரவை 5 ஆண்டுவரை வைத்திருப்பதாக அறிவித்தது. மறுப்பதற்கும் வழி உண்டு. வணிக நிறுவனக் கணக்குகளுக்கு அவ்வேற்பாடு பொருந்தாது. பிற கருவிகளிலும் தனியாளுக்கு ஒரு விதி, நிறுவனத்துக்கு வேறு விதி, இலவசமாய்ப் பெறுவோர்க்கு இன்னொரு விதி என இருத்தல் உண்டு. இலவசத்தைப் பற்றி ஐயம் என்றேனே, இதுவே அது. கிணற்று நீருக்கும் விலை உண்டு.

இதிலே எம் இளைஞர்க்கு ஒரு கூர்மையான இடர் இருக்கின்றது. அவர் எழுதும் நிரல் அவருடையது அன்று, கூலி கொடுத்தவருடையது. உடையவரைக் கேளாமல் அதனைக் கருவிக்குக் காட்டுதல், அடைவு வைத்த நகையை வேறொருவருக்குக் கழுத்திலே போட்டுப் பார்க்கக் கொடுத்தது போலாம். ஆதலின் முதற்செயல் கருவியைத் தெரிதல் அன்று. வாடிக்கையாளரிடம் எழுத்திலே இசைவு பெறுதல். இரண்டாவது, அமைப்புப் பக்கத்தைத் திறந்து பயிற்சிக்குத் தரும் இசைவைத் தம் விருப்பப்படி நிறுத்துதல். இவை ஐந்து நிமிட வேலை.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 2022 நவம்பரிலே நிரலர் சிலர் கிட்ஹப், மைக்ரோசொப்ட், ஓப்பன்ஏஐ ஆகியவற்றின் மேல் கலிபோர்னியாவிலே வழக்குத் தொடுத்தனர். தாம் நிபந்தனையோடு பொதுவிலே வைத்த நிரல்களைக் கோபைலட் கற்று, பெயரும் நிபந்தனையும் சொல்லாமல் திருப்பித் தருகின்றது என்பது அவர் முறையீடு. 2024 இலே நீதிமன்றம் குற்றச்சாட்டுகளுட் பெரும்பாலனவற்றைத் தள்ளியது. சட்டம் எவ்வாறாயினும், எடுத்தாண்ட நூலாரின் பெயரை விழுங்கும் உரைகாரரைக் கண்டு பழகிய எமக்கு அம்முறையீடு புதிதன்று.

ஆயினும் ஒன்று. இந்நான்கும் ஆசிரியரை அளக்கும் கோல்கள். காசு கொடுத்து அமர்த்தும் துணை ஆசிரியனோ, மாணாக்கனோ? நன்னூலார் மாணாக்கருக்கும் உவமை சொன்னார். முதன் மாணாக்கன் அன்னமும் பசுவும் போல்வான். இடைப்பட்டவன் மண்ணும் கிளியும் போல்வான். கற்பித்ததைத் திருப்பிச் சொல்லுதல் கிளியின் இயல்பு. இக்கருவிகள் கிளியின் நிலையைக் கடந்தன என்பதை ஒப்புகின்றேன். கேளாத தொடரையும் கோவைப்படுத்தி உரைக்கின்றன. ஆனால் பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தின் தொழில் இன்னும் அமர்த்துவோருடையதே. பிரிக்கத் தெரியாதவருக்கு எந்தக் கருவி சிறந்தது என்னும் வினாவுக்கு விடையே இல்லை. திருக்குறளுக்குப் பதின்மர் உரை செய்தனர் என்பர். மணக்குடவரும் பரிமேலழகரும் வேறு வேறு பொருள் கொள்ளும் இடங்கள் பல உள. எவர் உரை அவ்விடத்துக்குப் பொருந்தும் என்பதை மூலத்தைப் பாராதவன் எங்ஙனம் தெரிவான்? மூலத்தை அறிந்தவனுக்கோ இருவரும் துணை. ஒருவர் சறுக்குமிடத்திலே மற்றவர் கை கொடுப்பர்.

இதனாலே, இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்க்கு நான் சொல்வது வேறு. வினாவிடைப் புத்தகத்தை மனனஞ் செய்து பரீட்சை எழுதியவர் பின்னர் வகுப்பெடுக்க வந்து திணறுவதை ஆசிரியர்கள் அறிவர். நிரலின் எழுத்தும் தொடரும் கைவருமட்டும் காசு கட்டிக் கருவி வாங்க வேண்டா. பார்த்தே தீரவேண்டும் என்பவர்க்கு இலவசப் படிகள் உள்ளன. மாணவர் என்று நிறுவுவோர்க்குக் கோபைலட்டை இலவசமாக அளிக்கும் ஏற்பாடும் 2025 இலே இருந்தது. வீட்டிலே கேட்டு 6,000 ரூபா பெற்றுக் கட்டவேண்டிய தேவை மாணவர்க்கு இல்லை.

தொழில் செய்வார்க்கு வருவோம். இளைஞர் செய்த பரிசோதனையைச் சற்றே விரித்துரைக்கின்றேன். தந்தையாரும் அயலவரும் பிடிக்கும் இறாலுக்குக் கணக்கு வைக்கவென அவர் முன்னமே தம் கையால் நிரலொன்று எழுதியிருந்தார். இறாலை நிறுப்பர்; பனிக்கட்டி நீருக்கென நூற்றுக்கு ஐந்து கழிப்பர்; எஞ்சியதை விலையாற் பெருக்குவர். தந்தையாரின் கொப்பியிலே பழைய கணக்குகள் எல்லாம் சரிபார்த்த நிலையில் உள்ளன. இதே வேலையை மூன்று கருவிகளுக்கும் கொடுத்து, கொப்பியோடு ஒப்பிட்டார். கொப்பியிலே பெயர்கள் இருந்தன. அவற்றை நீக்கி எண்களை இட்டபின்னரே கொடுத்தார். முடத்தெங்கு நினைவில் இருந்தது.

ஒரு கருவி நான்கு நிமிடத்திலே முடித்து, தமிழெழுத்திலே அழகிய திரையும் அமைத்துத் தந்தது. பார்த்தவர் எல்லாரும் மெச்சினர். கொப்பியோடு ஒப்பிட்டபோது கணக்குப் பிசகியது. 7.46 கிலோ இறால்; விலை கிலோ 1,200 ரூபா என்று கொள்க. ஐந்து வீதம் கழித்தால் 7.087 கிலோ, பெறுமதி 8,504 ரூபா 40 சதம். கருவியோ நிறையின் ஈற்றிலக்கத்தை முதலிலேயே வெட்டி, 7.4 கிலோ என்று கொண்டு, 8,436 ரூபா என்றது. இழப்பு 68 ரூபா 40 சதம். நிரல் நிற்கவில்லை, பிழை என்று எதுவும் திரையிலே தோன்றவில்லை. தோணி தோறும், நாள் தோறும், இறால் பிடித்தவன் கையிலிருந்து அத்தொகை சத்தமின்றிக் கழன்றிருக்கும். முதலிலே பெருங்கேடு என்று நான் குறித்தது இதனையே.

இரண்டாவது கருவி எழுதத் தொடங்குமுன், 'நிறையை எத்தனை இலக்கம்வரை கொள்வது? கழிவு நிறையிலா, விலையிலா?' என்று கேட்டது. மூன்றாவது கேளாமலே எழுதியது. ஆனால் தான் கொண்ட விதி இன்னதென்று மேலே குறித்து, சரிபார்க்கும் சோதனைகளையும் சேர்த்துத் தந்தது. மூன்றின் பெயரையும் சொல்லேன். காரணம் உண்டு. மறுநாள் அதே வேலையைக் கொடுத்தபோது முதற்கருவி சரியாகச் செய்தது; முந்திய நாள் கேள்வி கேட்ட கருவி கேளாமல் எழுதிச் சறுக்கியது. ஒரே வினாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடை தருவன அல்ல இவை. ஆதலின் ஒருமுறை பார்த்துத் தெளிதல் போதாது. இளைஞர் ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை கொடுத்து, கேட்டது எத்தனை முறை, பிழை எத்தனை, மாற்றிய வரி எத்தனை, தாம் வாசித்துச் சரிபார்க்கச் சென்ற நிமிடம் எத்தனை என்று ஏட்டிலே குறித்தார். அவரது முடிவைத் தீர்த்தது ஈற்றுப் பத்தியே. கருவி எழுதிய நேரத்தை அவர் பெரிதாகக் கொள்ளவில்லை.

யானும் ஒரு பரீட்சை வைத்தேன், அது தமிழுக்குரியது. யூனிக்கோட் முறையிலே தமிழெழுத்துகளுக்குக் கொடுத்த வரிசை, நெடுங்கணக்கு வரிசை அன்று. அகரமேறிய 'க' முதலில் வைக்கப்பட்டு, அதன்மேற் புள்ளி சேர்த்தே 'க்' உண்டாக்கப்படும். மெய்யை முதலாகக் கொள்ளும் இலக்கண மரபுக்கு இது தலைகீழ். அதைக்கூடப் பொறுக்கலாம். னகரம் அங்கே நகரத்தின் பின்னேயே குடியேறிவிட்டது. லகரம் அதற்குப் பின்னே நிற்கின்றது. எனவே ஊர்ப்பெயர்களை அகரவரிசைப்படுத்து என்றால், அவ்வெண்வரிசையையே நம்பும் நிரல் மட்டக்களப்பு, மன்னார், மல்லாகம் என்று அடுக்கும். மட்டக்களப்பு, மல்லாகம், மன்னார் என்பதே முறை. மூன்று கருவிகளுள் இரண்டு முதன்முறை தவறின; பிழையைச் சுட்டியதும் திருத்திக்கொண்டன. ஒன்று தானாகவே தமிழ்வரிசையைக் கருதியது. பெயர்ப் பட்டியல், மாணவர் இடாப்பு, நூற்பட்டியல் என்று தமிழிலே எவ்வேலை செய்யினும் இச்சிக்கல் வரும். வெளிநாட்டார் எழுதும் ஒப்பீடுகளிலே இதனை எவரும் சோதித்துச் சொல்லக் கண்டிலேன்.

கட்டணத்திலும் தமிழுக்கென ஒரு சுங்கம் உண்டு. இக்கருவிகள் உரையைத் துண்டு துண்டாக நறுக்கி எண்ணுவன, டோக்கன் என்பர். எல்லையும் விலையும் அத்துண்டுக் கணக்கிலேயே. பொதுவான சேமிப்பு முறையிலே ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும். நம் 'கு' என்னும் ஓரெழுத்து இரு குறியாகப் பிரிந்து ஆறு பைட் கொள்ளும். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் புதிய மாதிரியை வெளியிட்டபோது உதாரணம் ஒன்று காட்டியது. பழைய முறையிலே, ஆங்கிலத்தில் 27 துண்டாகிய ஒரு செய்தி தமிழில் 116 துண்டாயிற்று. புதிய முறையிலே ஆங்கிலம் 24, தமிழ் 35. முன்னேற்றம் பெரிது; சுங்கம் முற்றும் நீங்கவில்லை. இளைஞர் ஆங்கிலத்திலே ஏவுவதால் அவருக்கு இது சிறிதே. தமிழிலே சிந்தித்துத் தமிழிலேயே ஏவ விரும்பும் சிறுவர்க்கு இது நுழைவாயிலிலேயே நிற்கும் தடை.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் கிழக்குக் கரை வழியாக நாட்டுக்குள் புகுந்தபோது, பல பகுதிகளிலே மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. இத்துணைவர் எல்லாரும் கடல் கடந்த கணினிகளிலே குடியிருப்பவர். கம்பி அறுந்தால் அவர் இல்லை. தம் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளத்தக்க, அலிபாபாவின் கிவென் போன்ற திறந்த மாதிரிகள் உள்ளன. அவற்றை நன்கு இயக்க வலிய கணினி வேண்டும். திறனும் சற்றுக் குறைவே. இருந்தும், மாற்றுவழி ஒன்று கையில் இருப்பது நன்று என்று அவற்றுள் சிறியதொன்றை இளைஞர் இறக்கி வைத்திருக்கின்றார்.

அவர் ஈற்றிலே அமர்த்தியது 20 டொலர்ச் சந்தா ஒன்று, மாதக் கணக்கில். ஐந்துமுறைச் சோதனையிலே சரிபார்க்கும் நிமிடம் குறைந்து நின்றது அதுவே. 100 டொலர்ப் படியை, வாடிக்கையாளரே செலவை ஏற்றாலன்றி எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். மூன்றாம் மாதம் வேறொரு கருவி புதிய மாதிரியோடு வந்தது. கொப்பியின் அதே பக்கங்களையும், மட்டக்களப்பு, மல்லாகம், மன்னாரையும் அதற்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். இரண்டு முறை கொடுத்தாயிற்று. இன்னும் மூன்று முறை எஞ்சியுள்ளது.